முந்நூறு மைலுக்குப் பின்னால் நின்ற மெக்கானிக்

நம் குடியிருப்பின் பின்பக்க சர்வீஸ் ரோட்டில் சனிக்கிழமை இரவுகளில் கேட்கும் பைக் சத்தத்தைப் பற்றிச் சென்ற இதழில் செயற்குழுவின் அறிவிப்பு வந்திருந்தது. படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். நம் வளாகத்துப் பையன் ஒருவன் அதே ரோட்டில் விழுந்து, கை எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு லிஃப்டில் ஏறி இறங்கினான். பெயர் வேண்டாம்.

அவனுடைய அப்பா ஒருநாள் மாலை நடைப்பயிற்சியில் என்னோடு சேர்ந்துகொண்டார். "சார், நீங்க முப்பது வருஷம் இன்ஜின் டெஸ்டிங்ல இருந்தவர். இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. எப்பப் பார்த்தாலும் கையில ஸ்பேனர். படிச்ச குடும்பத்துல பொறந்துட்டு மெக்கானிக் ஆயிடுவானோன்னு பயமா இருக்கு" என்றார்.

"விழுந்தது பயமா, மெக்கானிக் ஆவான்னு பயமா?" என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார்.

எனக்குப் புத்தி சொல்ல வராது, கதை சொல்ல வரும். கிளப் ஹவுஸ் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கும் பையனுக்கும் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, நம் இதழின் ஆசிரியர் குழு அதை எழுதித் தரச் சொன்னது. டேல் ஆம்ஸ்ட்ராங் என்ற மெக்கானிக்கின் கதை. 2014 நவம்பர் 28 அன்று கலிபோர்னியாவின் டெமெக்குலா என்ற ஊரில் தன் 73வது வயதில் இறந்தார். நிலவுக்குப் போன ஆம்ஸ்ட்ராங்கைத் தெரியும், டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் ஓட்டிய ஆம்ஸ்ட்ராங்கைத் தெரியும், இவரைத் தெரியாது என்பீர்கள். நியாயம்தான். காரை ஓட்டுகிறவரின் பெயர்தான் ஊருக்குத் தெரியும். காரைச் செய்து கொடுத்தவர் எப்போதும் போட்டோவின் ஓரத்தில், கையில் அழுக்குத் துணியோடு நிற்பார்.

கதைக்குப் போவதற்கு முன் டிராக் ரேஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேர்கோட்டுப் பாதை ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள். நீளம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். நம் மெயின் கேட்டிலிருந்து பால் பூத் வரை போவது போல வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவர் அடுத்த சுற்றுக்கு, மற்றவர் வீட்டுக்கு. சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து வண்டியை முந்தப் பார்க்கிறோமே, அந்த ஆசைதான் இதற்கும் வித்து.

ஆமாம், இந்த விளையாட்டு பிறந்ததே தெருவில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க இளைஞர்கள், பழைய ஃபோர்டு கார்களின் மேல்மூடியைக் கழற்றி, இன்ஜினைக் கடைந்து, தெற்குக் கலிபோர்னியாவின் தெருக்களில் இரவு நேரத்தில் பந்தயம் விட்டார்கள். விபத்துகள் நடந்தன. பத்திரிகைகள் திட்டின, போலீஸ் துரத்தியது. அப்போது 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், இவர்களை அடித்து விரட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, தெருவிலிருந்து பிரித்து ஒரு பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்தார். 1951ல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார். சுருக்கமாக என்.எச்.ஆர்.ஏ. 1953ல் கலிபோர்னியாவின் பொமோனாவில் அதன் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் நடந்தபோது, உள்ளூர்ப் போலீஸ் எதிர்க்கவில்லை, ஆதரவு கொடுத்தது. போருக்குப் பின் சும்மா கிடந்த விமான ஓடுதளங்கள் பல ஊர்களில் டிராக் பாதைகளாயின. நம்மில் வயதானவர்களுக்குச் சோழவரம் நினைவுக்கு வரும். அதுவும் போர்க்கால ஓடுதளம்தான். இருங்காட்டுக்கோட்டையில் பாதை வருவதற்கு முன்னால் மெட்ராஸ் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரேஸ் பார்க்கப் போன இடம். ஆனால் அது வேறு வகை ரேஸ், அதை எழுத இதே இதழில் என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஆம்ஸ்ட்ராங். கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் 1941ல் பிறந்தவர். இருபதுகளின் வயதில், 1960களில், பந்தயம் எங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கே போக வேண்டும் என்று கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார். முதலில் அவர் டிரைவர், தன் வண்டியைத் தானே செய்து தானே ஓட்டியவர். 1970களின் நடுவில் என்.எச்.ஆர்.ஏ. 'புரோ காம்ப்' என்ற வகுப்பை உருவாக்கியது. பல வகை வண்டிகள் ஒன்றோடொன்று மோதும் வகுப்பு அது. ஒன்றுக்கு எடை குறைவு, இன்னொன்றுக்கு இன்ஜின் பெரிது, மூன்றாவதற்கு வேறு எரிபொருள். எந்த விதி எந்த வண்டிக்குச் சாதகம் என்று கணக்குப் போடத் தெரிந்தவனுக்குத்தான் அது லாயக்கு. ஆம்ஸ்ட்ராங் 1975ல் அந்த வகுப்பின் தேசியச் சாம்பியன் ஆனார். அவருக்கு 'டபிள் ஏ டேல்' என்று பட்டப்பெயரும் வந்தது.

இங்கே நின்றிருந்தால் நல்ல டிரைவர் ஒருவரின் கதையாக முடிந்திருக்கும். 1980களின் தொடக்கத்தில் அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். டெக்சாஸ்காரரான கென்னி பெர்ன்ஸ்டீன் என்ற டிரைவரின் அணியில் தலைமை மெக்கானிக்காகச் சேர்ந்தார். அந்தத் தொழிலில் இதற்கு 'குரூ சீஃப்' என்று பெயர். பெர்ன்ஸ்டீன் வியாபாரத்தில் கெட்டிக்காரர், உணவகங்கள் நடத்தியவர், பெரிய பீர் நிறுவனம் ஒன்றின் விளம்பர ஆதரவை வாங்கி வைத்திருந்தார். பணம் கொண்டுவருவதும் ஓட்டுவதும் அவர் பொறுப்பு. வண்டியை யோசிப்பது ஆம்ஸ்ட்ராங்கின் பொறுப்பு. இந்தப் பங்கீடு சுமார் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. நம் வளாகத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கமிட்டியை பதினைந்து மாதம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

நான் அந்தத் தகப்பனிடம் சொல்ல விரும்பியது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆம்ஸ்ட்ராங் என்ன செய்தார்? ஒரே வார்த்தையில் சொன்னால், அளந்தார்.

அதுவரை டிராக் ரேஸ் மெக்கானிக்குகள் பெரும்பாலும் கண்ணாலும் காதாலும் மூக்காலும் வேலை செய்தவர்கள். குறைத்துச் சொல்லவில்லை. அது பெரிய கலை. வண்டி ஓடி முடித்து வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பிளக் முனையின் நிறம், அது எரிந்திருக்கும் விதம், இவற்றைப் பார்த்து அந்த சிலிண்டருக்கு எரிபொருள் அதிகமா குறைவா என்று சொல்வார்கள். ஆயில் பேனைக் கழற்றி பேரிங்கைத் தடவிப் பார்ப்பார்கள். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் மாதிரி. ஆனால் நாடி வைத்தியருக்கு நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே நோய் வந்ததும் போனதும் ஐந்து நொடிக்குள். அந்த ஐந்து நொடியில் மூன்றாவது நொடியில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, கிளட்ச் எவ்வளவு வழுக்கியது, சக்கரம் எப்போது பிடியை விட்டது என்று யாரும் பார்த்ததில்லை. டிரைவரைக் கேட்டால் "ஏதோ குலுங்கிச்சு" என்பார்.

ஆம்ஸ்ட்ராங்கின் அணி காரிலேயே ஒரு மின்னணுப் பதிவுக் கருவியைப் பொருத்தியது. இன்ஜின் வேகம், டிரைவ் ஷாஃப்டின் வேகம் போன்றவற்றை ஓட்டத்தின்போதே பதிவு செய்து, பிறகு கம்ப்யூட்டரில் கோடுகளாகப் பார்க்கலாம். இன்று உங்கள் வீட்டு சாதாரணக் காரிலேயே ஓ.பி.டி. போர்ட் இருக்கிறது, சர்வீஸ் சென்டரில் மடிக்கணினியைச் சொருகிப் பார்க்கிறார்கள். 1980களில் ரேஸ் பிட்டுக்குள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இன்று அந்த வகைக் கருவி இல்லாத அணியே கிடையாது. ஒரு விஷயம் கவனியுங்கள்: விதிப்படி இந்தக் கருவி பதிவு செய்ய மட்டும்தான். ஓட்டத்தின் நடுவில் எதையும் மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை. முடிவெடுக்க வேண்டியவர் மெக்கானிக்தான், அதுவும் ஓட்டத்துக்கு முன்னால். பச்சை விளக்கு விழுந்த பிறகு அவரால் கையைப் பிசைவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது காற்று. மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டிக்குக் காற்று சுவர் மாதிரி. விமானக் கம்பெனிகள் தங்கள் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பார்கள். பெரிய மின்விசிறிகள் வைத்த நீண்ட அறை, நடுவில் மாதிரி, அதன்மேல் ஓடும் காற்று. ஆம்ஸ்ட்ராங்கும் பெர்ன்ஸ்டீனும் தங்கள் காரை ஜார்ஜியா மாநிலத்தில் லாக்ஹீட் விமான நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். டிராக் காரை இப்படிச் சோதித்த முன்னோடிகள் இவர்கள். அதிலிருந்து வந்த வண்டிதான் 1987ல் ஓடிய பியூக் லசேபர் 'ஃபன்னி கார்'.

ஃபன்னி கார் என்றதும் சிரிக்காதீர்கள், அது வகுப்பின் பெயர். மேலே ஃபைபர் உடம்பு, பார்த்தால் கடையில் விற்கும் காரின் முகச்சாயல் இருக்கும். உள்ளே முற்றிலும் வேறு. முன்னால் ராட்சத இன்ஜின், அதற்குப் பின்னால் டிரைவர், உடம்பு முழுவதும் பெட்டி மூடி போல ஒரே துண்டாக மேலே தூக்கிக்கொள்ளும். ஆரம்பகால வண்டிகளின் சக்கரங்கள் இடம் மாறி இருந்ததால் பார்க்க வேடிக்கையாக இருந்தன, அதனால் வந்த பெயர். ஆம்ஸ்ட்ராங் செய்த லசேபரோ கடையில் விற்ற லசேபரின் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. காற்று வழுக்கிப் போகும்படி அத்தனை மாற்றங்கள். ரசிகர்கள் அதற்கு 'பேட்மொபீல்' என்று பெயர் வைத்தார்கள். போட்டியாளர்கள் புகார் செய்தார்கள். பிறகு சங்கம் உடம்பின் வடிவத்துக்கான விதிகளை இறுக்கியது. ஒரு மெக்கானிக் நன்றாக யோசித்திருக்கிறார் என்பதற்கு விதியை மாற்றுவதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியாது. 1985லிருந்து 1988 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஃபன்னி கார் சாம்பியன் பட்டம் இந்த அணிக்குத்தான்.

மூன்றாவது கிளட்ச். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து மேலே வரும் ராம்ப் உங்களுக்குத் தெரியும். கியர் கார் வைத்திருப்பவர்கள் நடுவில் நிற்க நேர்ந்தால் அரை கிளட்ச் பிடிப்பீர்கள். கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கி, வண்டி மெதுவாக மேலேறும். முழுசாக விட்டுவிட்டால் ஒன்று இன்ஜின் நின்றுபோகும், இல்லை ஈரமான ராம்பில் டயர் சுற்றும். நைட்ரோ டிராக் காரில் கியர் பாக்ஸே கிடையாது. இன்ஜினுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச் மட்டும். இன்ஜினின் சக்தி பல ஆயிரம் குதிரைத்திறன். அந்தச் சக்தியை முதல் நொடியிலேயே முழுசாக விட்டால் டயர் புகைந்து வண்டி நகராது. குறைவாக விட்டால் பக்கத்து லேன்காரர் போய்விடுவார். அதனால் கிளட்ச் முதலில் நிறைய வழுக்க வேண்டும், பிறகு படிப்படியாக இறுக வேண்டும், பாதையின் பின்பகுதியில் வழுக்கலே இல்லாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். எந்த நேரத்தில், எவ்வளவு? அதுதான் கேள்வி. இதெல்லாம் நொடியின் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் நடக்கிற காரியம். ஓட்டம் முடியும்போது கிளட்ச் தட்டுகள் தீய்ந்து வெளியே வரும். அடுத்த ஓட்டத்துக்குப் புதுத் தட்டுகள்.

இப்படிப் பூட்டிக்கொள்ளும் 'லாக்-அப்' கிளட்சை நைட்ரோ கார்களில் வளர்த்தெடுத்ததில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் முன்னால் நிற்கிறது. பதிவுக் கருவி இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது என்பது என் கருத்து. இன்ஜின் வேகக் கோட்டையும் டிரைவ் ஷாஃப்ட் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், நடுவில் இருக்கும் இடைவெளிதான் கிளட்சின் வழுக்கல். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் படமாகப் பார்த்துவிட்டார்கள். பிறகு அதைச் சரிசெய்வது சிரமம், ஆனால் இருட்டில் தேடுவதாக இல்லை.

அந்த எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைட்ரோமீத்தேன். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று. நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் ஒரு கிலோவுக்கு 1.7 கிலோ காற்று போதும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலில் இருக்கும் வெப்பத்தில் கால்வாசிதான் இதில் இருக்கிறது. ஆனால் அதே சிலிண்டருக்குள், அதே காற்றோடு, எட்டு மடங்குக்கு மேல் ஊற்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு மடங்குக்கு மேல் சக்தி. கொஞ்சம் தவறினால் அதே சக்தி பிஸ்டனை உருக்கும், ஹெட்டைத் தூக்கி எறியும். இன்ஜின் 500 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 8.2 லிட்டர். எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், மேலே காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜர். ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரமோ இன்னும் குறைவாகவோ கிடைக்கும். அதற்குள் அந்த இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் பார்த்து, பேரிங் மாற்றி, திரும்பப் பூட்டி, ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும். நம் ஜெனரேட்டரை சர்வீஸ் செய்ய வந்தவர்கள் எத்தனை நாள் எடுத்துக்கொண்டார்கள் என்று இங்கே நான் சொல்லப் போவதில்லை.

1990ல் பெர்ன்ஸ்டீனும் ஆம்ஸ்ட்ராங்கும் 'டாப் ஃபியூல்' வகுப்புக்கு மாறினார்கள். நீண்டு ஒல்லியான, பின்னால் இன்ஜின் வைத்த வண்டிகள். டிராக் ரேஸின் உச்சம் அதுதான். அந்த வகுப்பில் அப்போது எல்லோர் வாயிலும் ஒரே எண்: மணிக்கு 300 மைல். டான் கார்லிட்ஸ் 1964ல் நியூ ஜெர்சியில் 200 மைலைத் தாண்டியவர், 201.34. அதன் பிறகு ஒவ்வொரு பத்து மைலுக்கும் ஒரு சண்டை. 1988ல் எடி ஹில் டெக்சாஸில் கால் மைலை 4.990 நொடியில் ஓடி ஐந்து நொடித் தடையை உடைத்தார். 300 மட்டும் கைக்கு எட்டவில்லை.

1992 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில் ஊரில் கேட்டர்நேஷனல்ஸ் பந்தயம். அது இறுதிப் போட்டிகூட இல்லை, தகுதிச் சுற்று. பெர்ன்ஸ்டீனின் சிவப்பு வண்டி கிளம்பியது. நேரம் 4.823 நொடி, வேகம் மணிக்கு 301.70 மைல். நம் கணக்கில் 485 கிலோமீட்டருக்கு மேல்.

வேகத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பாதையின் கடைசி 66 அடியைக் கடக்க எவ்வளவு நேரம் என்று பார்க்கிறார்கள். அந்த வேகத்தில் 66 அடி என்பது ஒரு நொடியின் ஏழில் ஒரு பங்கு. நீங்கள் கண் சிமிட்டினால் போயிற்று. இன்னொரு கணக்கையும் அந்தப் பையன்தான் கைபேசியில் போட்டுக் காட்டினான்: 402 மீட்டரை 4.823 நொடியில் கடந்தால் சராசரி வேகமே மணிக்கு 300 கிலோமீட்டர். நின்ற நிலையிலிருந்து கிளம்பியும் சராசரி அது. அவன் அப்பா போனை வாங்கித் திரும்பவும் போட்டுப் பார்த்தார். அதே விடைதான்.

அன்று செய்தித்தாள்களில் பெர்ன்ஸ்டீனின் படம் வந்தது. அது தப்பில்லை, உயிரைப் பணயம் வைத்து உள்ளே உட்கார்ந்தவர் அவர். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த பத்து வருடப் பாடம், காற்றுச் சுரங்கம், கோடு கோடாக ஓடிய தாள்கள், தீய்ந்த கிளட்ச் தட்டுகள் எல்லாம் ஆம்ஸ்ட்ராங்குடையவை. 1996ல் பெர்ன்ஸ்டீன் டாப் ஃபியூல் சாம்பியன் பட்டமும் வென்றார். ஃபன்னி கார், டாப் ஃபியூல் இரண்டிலும் பட்டம் வென்ற முதல் டிரைவர் அவர்தான். அதற்கும் பின்னால் நின்றவர் ஆம்ஸ்ட்ராங். அடுத்த ஆண்டு இருவரும் பிரிந்தார்கள். கடைசிக் காலத்தில் ஆம்ஸ்ட்ராங் தசைகள் நலிந்துபோகும் நோயால் அவதிப்பட்டார். ஸ்பேனர் பிடித்தே வாழ்ந்த ஒருவருக்குக் கையின் பலமே போவது என்ன கொடுமை என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதைக் கேட்ட பையனின் அப்பா உடனே மனம் மாறிவிட்டார் என்று நான் எழுதினால் அவரே இந்த இதழைப் படித்துவிட்டுச் சிரிப்பார். "அமெரிக்காவில சரி சார், இங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த விளையாட்டும் பணத்தில் மிதக்கும் விளையாட்டு, ஸ்பான்சர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. உயிர்ப்பலியும் கேட்டிருக்கிறது. 2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற டிரைவர் இறந்த பிறகு, நைட்ரோ வண்டிகளின் தூரத்தைக் கால் மைலிலிருந்து 1000 அடிக்குக் குறைத்துவிட்டார்கள். தடுப்பு, வலை, பாராசூட், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தும் இந்தக் கதி. நம் சர்வீஸ் ரோட்டில் என்ன இருக்கிறது? இரண்டு தெரு விளக்கு, அதில் ஒன்று எரிவதில்லை. நடுவில் மாடு. இதைப் பையனிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனால் அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னேன். அவன் விழுந்தது ஸ்பேனர் பிடித்ததால் இல்லை. நண்பன் பைக்கை இரவல் வாங்கி, அதன் பிரேக் ஷூ தேய்ந்திருப்பது தெரியாமல் ஓட்டியதால். ஸ்பேனர் பிடித்துப் பழகியவன் முதலில் பிரேக்கைப் பார்த்திருப்பான். அவர் பதில் சொல்லவில்லை. "பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் எடுத்தா அப்புறம் இன்ஜினியரிங் சேர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். டிப்ளமா முடித்தால் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது என்று சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

இப்போது பையன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் பழைய ஸ்கூட்டரோடு பேஸ்மென்டில் உட்காருகிறான். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எதைத் தொட்டாலும் தொடுவதற்கு முன்னால் எப்படி இருந்தது, தொட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் முனகினான். இப்போது எழுதுகிறான். பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர், பெட்ரோல் இவ்வளவு, கிலோமீட்டர் இவ்வளவு. போன வாரம் நோட்டைத் திருப்பிக் காட்டி, "அங்கிள், டயர்ல காத்து ஏத்தினப்புறம் மைலேஜ் கூடியிருக்கு பாருங்க, நாலு தடவை பார்த்துட்டேன்" என்றான்.

நம் வளாகத்தில் வேறு பிள்ளைகளுக்கும் ஆர்வம் இருந்தால் அனுப்புங்கள். பெண் பிள்ளைகளையும்தான். ஞாயிறு காலை பத்து மணி, பி பிளாக் பேஸ்மென்ட், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில். செயற்குழுவிடம் அனுமதி வாங்கியாயிற்று. தரையில் ஆயில் சிந்தக் கூடாது என்பது நிபந்தனை, அதனால் பழைய அட்டைப்பெட்டி இருப்பவர்கள் தூக்கிப் போடாமல் செக்யூரிட்டி அறையில் கொடுத்து வையுங்கள்.